குழாயடி முனி

அடைக்கலம் என்பவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "உங்கப்பா சிலை எங்க இருக்குன்னு சொல்ல முடியுங்களா?" என்று கேட்டார். பஸ்ஸில் விட்டுவிட்ட குடையைக் கேட்பது போலக் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம் என்பாள் என் மனைவி அமிர்தம். ஆனால் இது பெரிய காரணம்தான். சிலை வைத்தது ஊர், தொலைத்ததும் ஊர், தேடிக் கொடுக்க மட்டும் பிள்ளை வேண்டுமா?

"உள்ள வந்து உக்காருங்க" என்றேன்.

அவருக்குச் சிமெண்டு, இரும்புக் கம்பி வியாபாரம். புதிதாக எழும்பிவரும் தில்லை நகரில் வீடு கட்டிக் குடிவந்தவர். அறுபத்தாறாம் வருஷத்தோடு நகரசபை ஏற்பட்டு நூறு வருஷம் ஆகிறது, அதற்காக வியாபாரிகள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம், நான் அதன் செயலாளர் என்றார். ஊரை உண்டாக்கியவர்களில் எல்லோரும் மறந்துபோன ஒருவரை எடுத்துக் கௌரவிக்க வேண்டும் என்று பேசினார்களாம். அப்பா பெயர் வந்ததாம்.

"தில்லை நகர்ல பார்க் போடறோம். நடுவுல உங்கப்பா சிலையக் கொண்டாந்து வச்சு, மந்திரி ஒருத்தரக் கூப்பிட்டுத் திறக்கறதுன்னு முடிவு. எல்லா ஏற்பாடும் ஆயிடுச்சு. சிலைதான் கிடைக்கல" என்றார்.

அப்பா பெயர் பெரியண்ணன். வெள்ளைக்காரன் காலத்தில் நகரசபைச் சேர்மனாக இருந்தார். மேற்குப் பக்கத்துத் தெருக்களில் அப்போது ஜனங்கள் வாய்க்கால் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். வருஷா வருஷம் காலரா வரும். அப்பா பிடிவாதமாக நின்று அந்தத் தெருக்களுக்குக் குழாய் போட்டார், சாக்கடை வெட்டினார். இன்றைக்கு உறையூர்ப் பக்கம் இரண்டு பஸ் எதிரும் புதிருமாகப் போக முடிகிறதென்றால், அது அவர் யார் யார் வாசலையோ இடித்துப் போட்ட ரோடு. இடிபட்டவர்கள் வாழ்த்தவா செய்வார்கள்?

குழாய் வந்த வழியில் ஒரு முச்சந்தியில் முனியாண்டி கல் ஒன்று குறுக்கே இருந்தது. கூலியாட்கள் கை வைக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். அப்பா சட்டையைக் கழற்றி வண்டியில் போட்டுவிட்டு, தாமே கடப்பாரையை வாங்கிக் கல்லைப் பெயர்த்தார். மாட்டு வண்டியில் ஏற்றிக் காவிரியில் விடச் சொன்னார். அடுத்த தேர்தலில் தோற்றார். அதற்கு அடுத்த வருஷம் ரத்த வாந்தி எடுத்துச் செத்தார். டாக்டர் வயிற்றுப் புண் என்றார். நேரத்துக்குச் சாப்பிடாத மனிதர், அதுதான் உண்மையாக இருக்க வேண்டும். ஊர், முனி அடித்துவிட்டது என்றது. ஊர் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், அம்மாவும் அதையேதான் சொன்னாள்.

முனி ஆறு தாண்டி வராது என்று யாரோ அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். எங்களை இழுத்துக்கொண்டு காவிரிக்கு இந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்துக்கு வந்துவிட்டாள். அதன் பிறகு சாகிறவரை பாலத்தைத் தாண்டவில்லை. ஒரு மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி அலமாரிக்குள் தொங்கவிட்டாள். அப்பாவை மன்னித்துவிடு என்று முனிக்கு வேண்டிக்கொண்டு முடிந்த காசு அது. கொண்டுபோய்ப் போடக் கல்லும் இல்லை, போகத் தைரியமும் இல்லை. வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அந்த முடிச்சைத் தொட்டுக் கும்பிடுவாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் போனபோதுகூட என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பக்கம் போகாதடா" என்றுதான் சொன்னாள்.

அப்பாவுக்குப் போட்டோ கிடையாது. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று அம்மா எடுக்கவிடவில்லை. அப்படியும் குறைந்துதான் போயிற்று. அவர் இறந்த பிறகு அவருடைய சிநேகிதர்கள் நாலைந்து பேர் சேர்ந்து எங்கோ ஒரு மார்பளவுச் சிலை வைத்தார்கள் என்று கேள்வி. நான் அப்போது விருத்தாசலத்தில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்தேன். திறப்பு விழாவுக்குப் போகக்கூடாது என்று அம்மா ஆள் அனுப்பிச் சொன்னாள். போகவில்லை. பிறகு ஊர் ஊராக மாற்றல், கடைசியில் ஸ்டேஷன் மாஸ்டராக ரிடையராகித் திரும்பி வந்தேன். அந்தச் சிலையை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. முனி, பேய் எதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தப் பக்கம் மட்டும் போக நேரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த ஊர் ஒரு தடவையாவது மைக் வைத்து, பெரியண்ணன் செய்தது சரி என்று சொல்ல வேண்டும். அம்மா அதைக் கேட்காமல் போய்விட்டாள். நானாவது கேட்க வேண்டும். அதற்காகத்தான் கோபத்தை அடக்கிக்கொண்டு, அடைக்கலத்தோடு பஸ் ஏறிப் பாலம் தாண்டினேன்.

அந்த வாரம் முழுக்க அலைந்தோம். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. லைன் கிளியரா இல்லையா, அவ்வளவுதான். நடுவில் பேச்சில்லை. ஊரோ அப்படி இல்லை. ரோடு அகலப்படுத்தும்போது சிலையை உடைத்து ஜல்லியாகப் போட்டுவிட்டார்கள் என்றார் ஒருவர். இல்லை, அது ஒரு பழைய நெல் கிடங்கில் சாக்குக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது என்றார் இன்னொருவர். கிடங்கைத் திறந்து பார்த்தால் மூக்கு உடைந்த வெள்ளைக்கார துரை ஒருவர் கோட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். "இவரு உங்க அப்பாவா இருக்க முடியாதுங்களே?" என்று அடைக்கலம் என்னைக் கேட்டார். நான் வெளியே வந்துவிட்டேன்.

பெரியண்ணன் என்று ஒரு சேர்மனே இல்லை என்று ஒரு பெரியவர் சத்தியம் செய்தார். என்னை வைத்துக்கொண்டே செய்தார். கேட்கக் கேட்க எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வீட்டில் நாங்கள் பார்த்த அப்பா வேறு, ஊருக்கு இருந்த சேர்மன் வேறோ என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், வெயில் தாங்காமல் ஒரு முச்சந்தியில் சர்பத்துக் கடை வாசலில் உட்கார்ந்தோம். கடைக்காரர் முகம்மது கனி. என்னைவிடப் பத்து வயது இளையவர். நன்னாரி சர்பத்தை என் கையில் கொடுத்துவிட்டு அடைக்கலத்தின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார். எதிரே வேப்பமரத்தடியில் தகரக் கொட்டகை போட்ட சின்னக் கோயில் ஒன்று இருந்தது. பக்கத்திலேயே தெருக்குழாய். குடங்கள் வரிசையில் நின்றன. பெண்கள் குடம் நிறைந்ததும் ஒரு கை தண்ணீரை அள்ளிக் கொட்டகைக்குள் சாமிமேல் தெளித்துவிட்டு, அதன் பிறகுதான் இடுப்பில் ஏற்றினார்கள்.

சாமி தரையிலிருந்து முளைத்தது போல மார்புவரைக்கும் இருந்தார். கருங்கல். எண்ணெய் தடவித் தடவிப் பளபளத்தார். முறுக்கு மீசை, பெரிய கண்களுக்கு மேல் வெள்ளிக் கண்மலர், கழுத்தில் எலுமிச்சம்பழ மாலை, தலையில் தலைப்பாகை. முனி இப்படித்தான் இருப்பார். நான் சர்பத்தைக் குடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு குடிக்கவில்லை.

எங்கள் அப்பா இடது கைக்காரர். தலைப்பாகையை எல்லோரும் சுற்றுகிற பக்கத்துக்கு மாறாகச் சுற்றி, முந்தியை வலது காதுக்கு மேல் செருகுவார். சின்ன வயதில் கல்யாணக் கூட்டத்தில் நான் அவரை அந்தச் செருகலை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். முனியின் தலைப்பாகை முந்தி வலது காதுக்கு மேல் செருகியிருந்தது. அதைப் பார்த்த பிறகு மூக்கைப் பார்த்தேன். மூக்கைப் பார்த்த பிறகு சந்தேகம் இல்லை. சாவு வீட்டில் துணியை விலக்கிக் காட்டியபோது பார்த்த மூக்கு.

"அது என்ன சாமி?" என்று கேட்டேன்.

கனி குழாய்ப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, குனிந்து மெதுவாகச் சொன்னார். "அத நீங்க கேப்பீங்களோன்னுதான் நானும் பாத்துக்கிட்டு இருக்கேன் சார். எங்க அத்தா சொல்லுவாங்க, அது சேர்மன் செலன்னு. சாமி செல அடிக்கிற ஆளப் புடிச்சுச் செய்யச் சொன்னாங்களாம். மனுசன் மூஞ்சி எனக்கு வராதேன்னுக்கிட்டே செஞ்சாராம். முழியப் பாருங்க. பீடத்துல பேரு வெட்டின கல்லு இருந்துச்சு. நான் சின்னப் பிள்ளைல அதுல ஒக்காந்திருக்கேன். ரோடு போட்டுப் போட்டு ஒசந்துருச்சுல்ல, பீடமும் பேரும் கீழ போயிருச்சு."

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?" என்றார் அடைக்கலம்.

"பஞ்சத்துல மருங்காபுரிப் பக்கம் இருந்து வந்த சனம் இங்க எல்லாம். வந்தப்பவே அது சாமியாத்தான் இருந்துச்சு. நான் பாய். நான் போயி அது சாமி இல்லன்னு சொன்னா நல்லா இருக்குமா, நீங்களே சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. சாமி கும்பிடப் போகாத மனிதர் அப்பா. திருநீறு பூசுகிறவர்களைக்கூட, காரியம் முடிந்ததும் பூசிக்கோ என்பார். அவர் வாய்நிறையப் பொங்கலை அப்பிவிட்டிருந்தார்கள். எழுந்து ரோட்டைத் தாண்டிப் போனேன்.

கொட்டகைக்குப் பக்கத்தில் திருநீறு, குங்குமத் தட்டோடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். பூசாரி அவள்தான், பெயர் வீரம்மாள். புருஷன் பார்த்த பூசையை அவன் போன பிறகு இவள் பார்க்கிறாளாம். அறுபது வயது இருக்கும். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "புதுசா வர்றீங்களா? வாங்க" என்றாள்.

"இந்தச் சாமி வரலாறு என்னம்மா?" என்று கேட்டேன். எதற்காகக் கேட்டேன் என்று தெரியவில்லை. அப்பாவைப் பற்றி நல்லதாக ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்ற ஆசையாக இருக்கும்.

"இவரு ரொம்ப துடியான சாமிங்க. முன்ன ஒரு காலத்துல இங்க ஒரு சேர்மன் இருந்தானாம். ரொம்ப அக்கிரமக்காரன். ஊரு வீட்டையெல்லாம் இடிச்சவன். இந்த எடத்துல இருந்த நம்ம முனியக் கடப்பாரையால பேத்து, ஆத்துல கொண்டுபோய்ப் போட்டுட்டான். சும்மா விடுவாரா? ரத்தம் ரத்தமாக் கக்கிச் செத்தான். அவன் செத்த மறு வருசம், யாரும் வைக்காம, இவரு தானா வந்து இங்கயே ஒக்காந்துட்டாரு. ஆத்துல போட்டாங்கல்ல, அதான் தண்ணியோட வந்தாரு. இந்தக் குழா அவரு குடுத்தது. இந்த ஊருல எந்தக் குழா நின்னாலும் இது நிக்காது."

"அவரு ரத்தம் கக்கினது வயித்துப் புண்ணால" என்றேன். வாய் முந்திக்கொண்டது.

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"கேள்விப்பட்டேன்."

"டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க" என்று சொல்லி, தட்டை நீட்டினாள். நான் திருநீறு எடுத்துக்கொள்ளாமல் திரும்பிவிட்டேன்.

கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். ஆனால் யார்மேல் என்றுதான் புரியவில்லை. அப்பாவை இந்த ஜனங்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அதே வாயால் பாவி என்கிறார்கள். அவரைக் கொன்ற சாமியாக அவரையே உட்கார வைத்திருக்கிறார்கள். குழாய் கொடுத்தது யார் என்று சரியாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஆளைத்தான் மாற்றிவிட்டார்கள். மாற்றிவிட்டார்களா, இல்லையா? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது.

அடைக்கலத்துக்கு எந்தக் குழப்பமும் இல்லை. "ரொம்ப சுலபம் சார். ஒரு முழம் தோண்டினா பேரு தெரிஞ்சுடும். பீடத்தோட பேத்து வண்டியில ஏத்திட வேண்டியதுதான். ஜனங்க முதல்ல கத்துவாங்க. பிள்ளை நீங்க வந்து, இது எங்க அப்பாதான்னு சொல்லிட்டா யாரு என்ன பேச முடியும்? அடுத்த வெள்ளிக்கிழமை நாலு ஆளோட வர்றேன். நீங்களும் வந்துடுங்க."

தலைப்பாகைச் செருகலையும் மூக்கையும் பற்றி அவரிடம் சொல்லிவிட்டு, வருகிறேன் என்றேன்.

அந்த வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அமிர்தத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முறத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"மாமாவுக்கு தினமும் பூசையா?"

"வெள்ளிக்கிழமை பொங்கல்."

"நாம வருசத்துக்கு ஒரு தடவ திதி குடுக்கறோம். அதுக்கே நீங்க ஐயரோட சண்டை போடுவீங்க."

"விளையாடாதே. அவரைப் பாவின்னு சொல்றாங்க. அந்தப் பேரைத் துடைக்க இதுதான் சந்தர்ப்பம். பார்க்குல, பேரோட, மந்திரி கையால…"

"துடைங்க. வேண்டாங்கல" என்றாள். ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, "யாருக்காகத் துடைக்கணும்? மாமாவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா இருந்துச்சா? அத்தைதான் அந்தப் பயத்துலயே கெடந்தாங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பும்போது அவள் சாமி அலமாரியைத் திறந்து அம்மாவின் மஞ்சள் முடிச்சை எடுத்துக்கொண்டு வந்தாள். துணி மஞ்சள் போய்ப் பழுப்பாகிவிட்டிருந்தது.

"அந்தப் பக்கந்தான போறீங்க. போட்டுட்டு வந்துடுங்க. வீட்டுல எத்தனை நாளைக்கு வச்சிருக்கிறது?"

"அங்கே முனியே இல்லைன்னு சொல்லத்தான் போறேன். யார்கிட்ட போடறது?"

"அது எனக்குத் தெரியாது. அத்தை முடிஞ்சது, போய்ச் சேரணும்" என்று சொல்லி, என் சட்டைப் பையில் அவளே போட்டுவிட்டாள்.

நான் போனபோது கூட்டம் கூடிவிட்டிருந்தது. அடைக்கலம் நாலு ஆட்களோடும் ஒரு கட்டை வண்டியோடும் நின்றார். கொட்டகையைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். குடங்களையும் சுற்றிவர அடுக்கியிருந்தார்கள். ஒரு ஆள் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு நின்றான். இதே இடம், இதே சாமான். அன்றைக்கு அப்பா கையில் இருந்தது.

"இது சாமி இல்லம்மா. சேர்மன் செல. இந்த ஊருக்குத் தண்ணி கொண்டாந்தவரு. அவருக்கு மரியாதை செய்யத்தான் கொண்டுபோறோம். நல்ல எடத்துல வைப்போம்" என்று அடைக்கலம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சேர்மனா? முனியப் பேத்தவனோட செலையா இது? வாய் அழுகிடும்" என்றாள் ஒருத்தி.

"தோண்டிப் பாத்துடலாம்மா. பேரு இருக்கும்."

"ஒரு தடவ தோண்டினவன் என்ன ஆனான்னு தெரியுமில்ல? தோண்டுங்க" என்றாள் வீரம்மாள், அமைதியாக. கடப்பாரைக்காரன் ஒரு அடி பின்னால் போய்விட்டான். அப்பாவின் கூலியாட்களும் இப்படித்தான் பின்னால் போயிருப்பார்கள்.

அடைக்கலம் என்னைப் பார்த்துவிட்டார். "இதோ வந்துட்டாரு. இவரு யாரு தெரியுமா? சொல்லுங்க சார். நீங்களே உங்க வாயால சொல்லுங்க."

கூட்டம் என் பக்கம் திரும்பியது. வழியெல்லாம் நான் தயார் செய்துகொண்டு வந்த பேச்சு ஒன்று இருந்தது. காலராவில் தொடங்கி, குழாய், சாக்கடை, ரோடு, கடைசியில் கல். எங்கள் அப்பா செய்தது சரி என்று முடிவது. வாயைத் திறந்தேன். முதல் வாக்கியம்தான் வந்தது.

"நான் சேர்மன் பெரியண்ணன் மகன்."

குழாயில் தண்ணீர் குடத்தில் விழுவது மட்டும் கேட்டது. வீரம்மாள் எழுந்து என்னிடம் வந்தாள். அடிக்கப் போகிறாளோ என்று நினைத்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. நெடுநாளாக எதிர்பார்த்த விருந்தாளி வாசலில் வந்து நின்றது போல இருந்தது.

"இத்தன வருசம் எங்கப்பா போயிருந்த?" என்றாள். "வருவேன்னு தெரியும். அவன் வம்சத்துல ஒருத்தன் வந்து நிப்பான்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிக்கிட்டே செத்தாரு. தானா வந்துட்டியே."

மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறேன் என்று அவள் நினைத்துவிட்டாள். அவள் மட்டுமில்லை, மொத்தக் கூட்டமும். பெண்கள் எனக்கு வழி விட்டு நகர்ந்தார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இல்லை, நான் அதற்கு வரவில்லை என்று சொல்ல வேண்டும். சொல்லத்தான் நினைத்தேன்.

"ஆத்தா இருக்காளா?" என்று வீரம்மாள் கேட்டாள்.

"இல்ல. செத்துட்டாங்க."

"பயந்துக்கிட்டே செத்தாளா?"

இதை இதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானே கேட்டுக்கொண்டதில்லை. அம்மாவின் கை என் கையைப் பிடித்திருந்தது ஞாபகம் வந்தது. கண் நிறைந்து எதிரே ஒன்றும் தெரியவில்லை.

"ஆமா" என்றேன்.

"பாவம், அவ என்ன செஞ்சா" என்றாள் வீரம்மாள். என் கையைப் பிடித்துக் கொட்டகைக்குள் அழைத்துக்கொண்டு போனாள். அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது. என்னைவிடச் சின்ன வயதுக்காரராக இருந்தார். இந்த வயதில் இருந்தவரைத்தான் தூக்கிக்கொண்டு போனோம்.

"யாரு பேருக்கு அர்ச்சனை?"

நான் அப்பா பெயரைச் சொன்னேன். அவள் சூடத்தைக் கொளுத்தி அப்பா முகத்துக்கு நேரே காட்டி, தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னாள். "ஐயா, குழாயடி முனியே, பெரியண்ணன் அறியாம செஞ்ச தப்ப மன்னிச்சு, அவனுக்கு நல்ல கதி குடு. அவன் பொண்டாட்டிக்கும் குடு." சாமி உத்தரவுக்குக் காத்து நின்றாள். வெள்ளிக் கண்மலரில் சூடத்தின் வெளிச்சம் ஆடியது. மேலே வைத்திருந்த பூ ஒன்று சரிந்து கீழே விழுந்தது. வெளியே பெண்கள் குலவை போட்டார்கள்.

"மன்னிச்சுட்டாரு" என்றாள் வீரம்மாள். "இனிமே உங்க குடும்பத்துக்கு ஒரு கொறையும் வராது." என் நெற்றி நிறையத் திருநீறு பூசினாள்.

வெளியிலிருந்து அடைக்கலம் என் தோளைத் தொட்டார். "என்ன சார் இது? சொல்லுங்க. தோண்டச் சொல்லுங்க. நேரமாகுது."

தோண்டினால் அப்பா பெயர் வரும். மைக் வரும், மந்திரி வருவார், பெரியண்ணன் செய்தது சரி என்று யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பார். அதற்காகத்தானே வந்தேன்? ஆனால் இப்போது கொடுத்த மன்னிப்பை யார் கொடுத்தது என்று ஆகிவிடும். அம்மாவுக்குக் கிடைத்தது கிடைக்காமல் போய்விடும். இந்தப் பெண்கள் தினமும் கும்பிட்டது அந்தப் பாவியையா என்று முகம் வெளிறி நிற்பார்கள். அப்பா இருந்தால் தோண்டு என்றுதான் சொல்லியிருப்பார். கடப்பாரையைப் பிடுங்கிக்கூட இருப்பார். நான் அப்பா இல்லை. அம்மாவிடம் வளர்ந்தவன்.

"தப்பாச் சொல்லிட்டேங்க" என்றேன். "இது எங்க அப்பா இல்ல."

அப்பா முகத்துக்கு நேரே நின்று சொன்னேன். அடைக்கலம் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். "அன்னைக்கு நீங்கதானே சார் தலைப்பாகைய வச்சு… கனி பாய், நீங்க சொல்லுங்க. நீங்கதானே சொன்னீங்க?"

கனி கடை வாசலில் கை கட்டிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார், முனியைப் பார்த்தார். "அத்தா ஏதோ சொன்னாங்க. வயசானவங்க. எனக்கும் சரியா ஞாபகமில்ல சார்" என்றார்.

அடைக்கலம் வண்டியையும் ஆட்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. விழா நடந்தது என்றும், வேறு யாருக்கோ படம் திறந்தார்கள் என்றும் பின்னால் கேள்விப்பட்டேன். அப்பா பெயரை யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு சட்டைப் பையிலிருந்து முடிச்சை எடுத்தேன். பிரிக்கவில்லை. அப்படியே அப்பா காலடியில், அதாவது கால் இருக்க வேண்டிய இடத்தில், தரையில் வைத்தேன். அதற்கு நேர் கீழேதான் பெயர் இருந்திருக்கும். வீரம்மாள் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உண்டியலில் போட்டாள். பிறகு குழாயைத் திறந்து விட்டு, "குடிச்சுட்டுப் போ" என்றாள். இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக் குடித்தேன். வெயிலில் குழாய் சூடாகித் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அமிர்தம் என் நெற்றியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.

"போட்டுட்டீங்களா?"

"போட்டாச்சு."

"முனிக்கா, மாமாவுக்கா?"

சிவப்பா பச்சையா என்று எத்தனையோ ராத்திரிகளில் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவு செய்தவன் நான். இதில் எது என்று தெரியாமல், தண்ணீரைக் குடித்து முடித்துச் செம்பை அவளிடம் நீட்டினேன்.

"அம்மா இனிமே பயப்பட மாட்டாங்க" என்று மட்டும் சொன்னேன்.